பெரிய முட்டை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் பன்னிரண்டு பேருக்கும் ஊக்கம் தரும் விதமாக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் கேண்டீனில் டீ குடியுங்கள். என்னிடம் இருப்பது நான் வாங்கிய ஒரு முட்டையின் கதைதான். சேர்ந்த புதிதில் வாங்கிய முட்டை என்றால் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால், தலை நரைத்து, இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று ஆபீஸே நம்பி, நானும் அதை நம்பத் தொடங்கியிருந்த காலத்தில் வாங்கியது.

முதலில் நம் பிழைப்பு என்ன என்று சொல்லிவிடுகிறேன். பயிற்சி வகுப்பில் அதை நூறு படம் போட்டு மறைத்திருப்பார்கள். ஒரு எஞ்சினில் கேஸை எரிக்கிறோம், கரண்டு வருகிறது. அந்த கேஸில் இருந்த சக்தியில் பாதிக்கு மேல் கரண்டாக மாறாமல் வெறும் சூடாகப் போகிறது, கொஞ்சம் புகையோடு, கொஞ்சம் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரோடு. அந்தச் சூட்டைப் பிடித்து அதே காம்பவுண்டுக்குள் ஒரு வேலைக்கு விட்டால் அதுதான் கோஜென். ஒரே எரிபொருளுக்கு இரண்டு சரக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதில் வில்லங்கம் இரண்டாவது சரக்கில்தான். கரண்டு மிஞ்சினால் கம்பியில் ஏற்றி அனுப்பலாம். சூடு மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கொடுக்க முடியாது. அது பிறந்த இடத்திலேயே, பிறந்த நேரத்திலேயே செலவாக வேண்டும். ஆகவே நீங்கள் ஒரு ஆலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ காலேஜுக்கோ போனால் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. இங்கே சூட்டை வாங்க ஆள் இருக்கிறதா? எத்தனை மணி நேரம் வாங்கும்? நாம் வராவிட்டால் எதை எரித்து அந்தச் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள், அது மலிவா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எஞ்சின் எத்தனை வருடத்தில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்பதை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிவிடலாம். மீதியெல்லாம் பைண்டிங் செலவு.

திருச்செங்கோடு பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் நாம் எஞ்சின் வைத்தோம். பகல் முழுக்க வகுப்பறைகளுக்குக் கரண்டு தந்து, பகல் முழுக்க சுடுதண்ணீரும் தந்தது. பையன்கள் குளிப்பது காலையில் அரை மணி நேரம், அதுவும் எல்லோரும் இல்லை. ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு நம் ஆள் ஒருவர், காயவைக்க சூடு தருகிறோம் என்று போனார். ஆலைக்காரர் அவரை வெளியே கூட்டிப்போய், சிமெண்ட் களத்தில் பரப்பியிருந்த ஜவ்வரிசியைக் காட்டி, அப்படியே கையை மேலே தூக்கி, "இவரு யூனிட்டுக்கு எவ்ளோ வாங்குறாரு சார்?" என்று சூரியனைக் காட்டிக் கேட்டாராம். அந்த ஆளை ஆபீஸில் மாதக்கணக்கில் கிண்டல் செய்தவர்களில் நான்தான் தலைவி.

இனி என் கதை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் ரோட்டில் ஒரு குஞ்சு பொரிப்பகம். முதலாளிக்குச் சின்னுசாமி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே அவருடைய கோழிப்பண்ணை. கோழி எருவிலிருந்து கேஸ் எடுக்கத் தொட்டி கட்டிவிட்டு, வந்த கேஸில் பாதியை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா எரித்துவிட்டுக்கொண்டிருந்தார். முட்டைகளை அடைவைக்கும் மெஷின்களுக்குச் சுடுதண்ணீர் தர ஒரு விறகு பாய்லர். கரண்டு பில்லோ மாதாமாதம் அவருக்கு நெஞ்சுவலி. கேஸ் இருக்கிறது, கரண்டு தேவை, சூடும் தேவை. பத்துப் பொருத்தமும் கூடி வந்த ஜாதகம் போல எனக்குத் தெரிந்தது.

அடைவைக்கும் மெஷின் என்றால் ஒரு சின்ன அறை அளவு இருக்கும், கனமான கதவு போட்டது. அங்கே நாலு மெஷின். ஒவ்வொன்றிலும் ஒரே நாளில் வைத்த முட்டைகள், தள்ளுவண்டிகளில் தட்டு தட்டாக அடுக்கி, இருபதாயிரம் இருக்கும். பதினெட்டு நாள் அதற்குள். பிறகு பொரிக்கும் மெஷினுக்கு மாற்றுவார்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு.

மெஷின் அறைக்குப் பொறுப்பு பாவாயி அக்கா. என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் அங்கே எல்லோருக்கும் அக்கா என்பதால் எனக்கும் அக்கா. எட்டாவது வரை படிப்பு, இருபத்திரண்டு வருட வேலை. புருஷன் இல்லை, மகள் சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். முதலாளி கொடுத்த ஒற்றை அறை வீடு அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. வேலையும் வீடும் ஒரே கேட்டுக்குள்.

சூட்டுத் தேவையைக் கணக்கெடுக்க நோட்டும் பேனாவுமாக அவரிடம் போனேன்.

"அக்கா, முட்டைக்கு எந்நேரமும் சூடு வேணுமில்லீங்க?"

"சின்ன முட்டைக்கு வேணுமுங்க மேடம். பெரிய முட்டை அதுவே சூடு குடுக்குமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் படித்தவள் இல்லையா, மரியாதையாகக் கேட்டேன். "பெரிய முட்டை எத்தனை வருமுங்க?"

"எப்பவும் பாதி பெருசு, பாதி சிறுசுங்க."

நான் தட்டுகளைப் பார்த்தேன். எல்லா முட்டையும் ஒரே அளவு. கடைக்காரர் எடை போட்டுப் பொறுக்கின மாதிரி. சரி, அக்காவுக்கு விவரம் போதாது என்று முடிவு கட்டினேன். நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "பெரிய சைஸ் முட்டை சூடு தருமாம். உள்ளூர் நம்பிக்கை." அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, தற்பெருமை வரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்க வசதி.

ஆபீஸுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாலு மெஷினும் வருடம் முழுக்க, ராவும் பகலும், நாங்கள் தரும் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொங்கலுக்குக்கூட முட்டைகளுக்கு நான் லீவு கொடுக்கவில்லை. அப்படிப் போட்டதும், போட்ட பணம் திரும்பும் காலம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்தது. இன்னும் குளிர்ச்சியாக வரட்டும் என்று ரேடியேட்டரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மிஞ்சுகிற சூட்டைக் காற்றில் ஊதித் தள்ளுவதுதான் ரேடியேட்டர், எஞ்சினுக்கு அதுதான் வடிகால். மிஞ்சினால்தானே வடிகால் வேண்டும், இங்கேதான் எதுவும் மிஞ்சாதே என்பது என் வாதம்.

நம் எஞ்சின் பிரிவில் அப்போது ஒரு சீனியர் இருந்தார். பெயர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு வருவார். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ரேடியேட்டரைக் காணமே. சூட்டை எவனும் வாங்கலீன்னா?"

"முட்டை வாங்குமுங்க சார்."

"ஆமா. நீ முட்டைதான் வாங்குவ."

பொறாமை என்று நினைத்தேன்.

சின்னுசாமி கெட்டிக்காரர், காகிதத்தை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. ஓட்டிக் காட்டுங்கள், அன்றைக்கே ஆர்டர் போடுகிறேன் என்றார். நம்மிடம் லாரியில் வைத்துக் கொண்டுபோகும் சோதனை எஞ்சின் ஒன்று உண்டு. அதில் ஒரு ரேடியேட்டரும் உண்டு. சூடு முழுவதும் முட்டைக்கே போகிறது என்று முதலாளி கண்ணால் பார்க்கட்டும் என்று அதைக் கழற்றிச் சேலம் குடோனில் வைக்கச் சொன்னேன். எந்தக் கிறுக்குப் பிடித்திருந்ததோ தெரியவில்லை.

நாளும் நானே குறித்தேன். மே மாதம், கத்திரி வெயில், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து கரண்டு நிறுத்தும் நாள். ஊரே கரண்டில்லாமல் கிடக்க நம் எஞ்சின் மட்டும் ஓடினால் எப்படி இருக்கும்! முதலாளியின் மச்சான் வீட்டில், மேச்சேரியில், அன்றைக்குக் காது குத்து. இவருடைய பழைய டீசல் ஜெனரேட்டர் சக்கரம் வைத்தது, அதை மண்டபத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். "குடுக்கலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். "தாராளமாக் குடுங்க. எஞ்சின் இருக்கையில அது எதுக்குங்க?" என்றேன்.

ஒன்பது மணிக்கு லைன் போனது. எஞ்சின் எடுத்துக்கொண்டது. விளக்கு ஒருமுறை கண்ணடித்து நின்று எரிந்தது, மெஷின்களின் விசிறிகள் ஓடின, பண்ணைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கை தட்டினார்கள். கேசரி வந்தது. நான் ஒரு கையில் கேசரியும் மறு கையில் பேச்சுமாக இருந்தபோது எஞ்சின் ஓட்டும் ஆள் ஓடி வந்தான். "மேடம், தண்ணி சூடு ஏறிட்டே இருக்குது. உள்ள போன சூடு அப்படியே திரும்பி வருது."

போய்ப் பார்த்தேன். நாலு மெஷினில் இரண்டு, எங்கள் சுடுதண்ணீரைத் தொடவே இல்லை. வால்வு தானாக மூடிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் கொஞ்சூண்டு குடித்தன. மீதிச் சூடு போக இடமில்லாமல் எஞ்சினுக்கே திரும்பியது. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பொரிப்பகத்தில் சத்தம் இல்லாமல் போனால் அங்கே வேலை செய்கிறவர்களின் முகம் மாறுவதை அன்றுதான் பார்த்தேன்.

மின்வாரியத்துக்குப் போன் போட்டோம். ஆள் கம்பத்தின் மேல் இருக்கிறார், பதினொரு மணிக்கு முன்னால் பேச்சே இல்லை என்றார்கள். ஜெனரேட்டர் மேச்சேரியில் மேளத்துக்கு மைக் செட் ஓட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஆறாமல் மறுபடி ஓடாது.

நான் மெஷின் அறைக்கு ஓடினேன். என் தலைக்குள் ஒரே எண்ணம், முட்டைக்குச் சூடு வேண்டும், சூடு நின்றுவிட்டது, இருக்கிற சூடாவது வெளியே போகக்கூடாது. "எல்லாக் கதவையும் இறுக்கிச் சாத்துங்க! சூடு போயிரும்!" என்று கத்தினேன்.

பாவாயி அக்கா ஒன்றாவது, இரண்டாவது மெஷின்களைச் சாத்தியே வைத்திருந்தார். மூன்றாவதன் கதவை மட்டும் அகலத் திறந்து, முட்டை வண்டிகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ன பண்றீங்க? சாத்துங்க!"

"அய்யோ மேடம், இது ரெண்டும் பெரிய முட்டைங்க! சாத்துனா வெந்துரும்! அந்த நாலாவதையும் தொறக்கோணும், தள்ளுங்க!"

நான் தள்ளவில்லை. நாலாவது மெஷின் கதவில் முதுகைச் சாய்த்து, கையை விரித்து நின்றேன். இருபதாயிரம் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். சின்னுசாமி ஓடி வந்தார். ஒரு பக்கம் கோட் போட்ட இன்ஜினியர், இன்னொரு பக்கம் கொசுவத்தைத் தூக்கிச் சொருகிய பாவாயி. அவர் யாரை நம்புவார்?

"பாவாயி! மேடம் சொல்றதைக் கேளு புள்ள! சாத்து!"

"நீங்க பொறவு என்னைய என்ன வேணாப் பண்ணுங்கண்ணா. இதைச் சாத்த மாட்டனுங்க." சொல்லிவிட்டு, பெண்களைக் கூப்பிட்டு, முட்டை அட்டைகளை ஆளுக்கொன்று கொடுத்து மூன்றாவது மெஷினின் வண்டிகளுக்கு விசிறச் சொன்னார். நாலாவதைப் பார்க்கவே இல்லை. என் கதவு என் பொறுப்பில் இருந்தது.

எஞ்சின் ஓட்டும் ஆள்தான் உருப்படியாக ஒரு யோசனை சொன்னான். சுடுதண்ணீர்க் குழாயைக் கழற்றி ஹோஸ் மாட்டித் தென்னைக்கு விட்டு, இந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீரை எஞ்சினுக்கு ஏற்றினோம். சூடு போக வழி கிடைத்ததும் எஞ்சின் ஓடியது. வேண்டாம் என்று நான் அடித்துவிட்ட வடிகாலை இருபது அடி ஹோஸாகக் கட்ட வேண்டி வந்தது. அதற்குள் விசிறி நின்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அந்த முட்டைகளுக்கு அன்று பதினேழாம் நாள். விருந்தாளிகள் மெதுவாக நழுவிய பிறகு சின்னுசாமி பாவாயி அக்காவை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "இன்னும் நாலு நாள்ல குஞ்சு வரோணும். நீ தொறந்து போட்டு வராமப் போச்சுன்னா, இந்தக் கேட்டுக்குள்ள உனக்கு எடமில்ல. சொல்லிப்புட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங் மேடம், தொறந்தது தப்புத்தானுங்களே?"

நான் சொன்னேன்: "நான் சாத்தத்தானுங்க சொன்னேன்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் வாழ்நாளில் இதைவிடக் கேவலமான வாக்கியத்தை நான் பேசியதில்லை. தெரியாமல் தப்புச் செய்வது வேறு. தெரியாது என்று சொல்லத் தைரியம் இல்லாமல், தெரிந்த ஒருத்தியின் தலையில் அதைத் தள்ளிவிட்டு நிற்பது வேறு. உங்களில் எத்தனை பேர் கணக்கில் தப்புவீர்களோ, எனக்குக் கவலையில்லை. இந்த வாக்கியம் வாயில் வரும்போது மட்டும் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆபீஸில் மெஷின்களின் பதிவுகளை எடுத்து உட்கார்ந்தேன். மூன்றும் நாலும் ஒரு வாரமாகவே எந்தச் சூட்டையும் வாங்கவில்லை. சூடு வாங்காததோடு, உள்ளே குளிர்ந்த தண்ணீரை ஓட்டிக்கொண்டிருந்தன. மெஷின் கெட்டுவிட்டதோ என்று அந்தச் சீனியரிடம் கொண்டுபோனேன். பாவாயி அக்கா சொன்ன பெரிய முட்டை, சின்ன முட்டை கதையையும் சிரிப்புக்காகச் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு ரெண்டு பையனுக. பெரிய பையன்னா யாரு?"

"மூத்தவன்."

"ரெண்டு பேர்ல ஒசரம் யாரு?"

"சின்னவன்."

"அப்ப அவனைப் பெரியவன்னு கூப்பிட வேண்டியதுதான?"

என் காது சுட்டது. பெரிய முட்டை என்றால் நாள் கூடின முட்டை. பாதி நாள் தாண்டினால் உள்ளே இருப்பது கருவில்லை, குஞ்சு. அதற்குச் சொந்தச் சூடு உண்டு. இருபதாயிரம் குஞ்சுகளை ஒரு அறையில் போட்டுக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று கேட்க இன்ஜினியர் தேவையில்லை. இரண்டே வார்த்தையில் பாவாயி அக்கா என் ரிப்போர்ட் முழுவதையும் அன்றைக்கே திருத்திக் கொடுத்திருந்தார். நான் பிறந்தது திருச்செங்கோட்டில், பேசுவதும் அதே பேச்சு. வீட்டில் தினமும் "பெரியவனே, சாப்பிட வா" என்று கூப்பிட்ட வாய் என்னுடையது. நோட்டைக் கையில் எடுத்ததும் எனக்குத் தமிழ் மறந்துவிட்டது.

இனி செய்ய வேண்டியது தெளிவு. போய் முதலாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், ஆர்டர் போனால் போகட்டும். இருபதாம் நாள் கிளம்பிப் போனேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். சின்னுசாமி அன்பாக வரவேற்று, டீ கொடுத்து, ஆம்லெட் போடச் சொன்னார். "நீங்க இருந்து கதவைச் சாத்துனதுனால அந்த ஒரு மெஷினாச்சும் தப்பிச்சதுங்க" என்றார். நான் டீயைக் குடித்தேன். ஆம்லெட்டைத் தின்றேன். "ரேடியேட்டர் ஒண்ணு சேத்துக்கலாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

கேட்டருகே பாவாயி அக்காவின் வீட்டு வாசலில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. வாய் கட்டாத மூட்டை, உள்ளே குண்டாவும் தட்டும் தெரிந்தன. என்னைப் பார்த்ததும் அதன்மேல் ஒரு துணியைப் போட்டார். "ஒண்ணுமில்லீங்க மேடம். எதுக்கும் எடுத்து வெப்பமுன்னு." துணியை இழுத்துவிட்டுக்கொண்டே, "குஞ்சு வந்துருமுங்க. எனக்குத் தெரியும். ஆனா அண்ணன் கோவத்துல இருக்காரில்ல" என்றார். கார் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

இருபத்தோராம் நாள் காலை மறுபடி அங்கே போய் நின்றேன், பொரிக்கும் மெஷினைத் திறந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றில், பாவாயி அக்கா வெளியே இழுத்து விசிறிய மூன்றாவது மெஷின் முட்டைகள். இன்னொன்றில், நான் காவல் காத்த நாலாவது மெஷின் முட்டைகள். முதல் கதவு திறந்ததும் சத்தம் காதை அடைத்தது. தட்டு தட்டாக மஞ்சள் குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. இரண்டாவது கதவைத் திறந்தபோது அங்கங்கே ஒன்றிரண்டு கீச்சுக் குரல் மட்டும் கேட்டது. மற்றதெல்லாம் உடையாத முட்டை.

சின்னுசாமி ஒரு முட்டையை எடுத்து விளிம்பில் தட்டி உடைத்தார். உள்ளே முழுசாக வளர்ந்த குஞ்சு, இறகோடு, அலகோடு. செத்திருந்தது. இன்னொன்று உடைத்தார். அதுவும் அப்படியே.

"பாவாயி!" அந்தக் கத்தலுக்குப் பக்கத்துக் குஞ்சுகள்கூட ஒரு நொடி அடங்கின. "தொறக்காத தொறக்காதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டனே! பாரு இங்க!"

"இது சாத்தியிருந்ததுங்கண்ணா" என்றார் பாவாயி அக்கா. "தொறந்தது அக்கட்டால இருக்கறது."

சின்னுசாமி இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார், பதில் தெரிந்தும் நம்ப முடியாதவர் போல. "அப்ப இதைச் சாத்துனது ஆரு?"

சத்தியமாகச் சொல்கிறேன், பாவாயி அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், நான் தப்பித்திருப்பேன், மாட்டிவிட்டாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாவது உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் குனிந்து, தட்டிலிருந்து கீழே விழுந்த ஒரு குஞ்சை எடுத்து மறுபடி உள்ளே விட்டார். அவ்வளவுதான்.

"நானுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு முறை சொன்னேன். "நான்தானுங்க. அந்தக் கதவுக்கு முதுகு குடுத்து நின்னது நானுங்க. அக்கா தொறந்ததுல குஞ்சு வந்துருக்குது, நான் சாத்துனதுல செத்துருக்குது. பெரிய முட்டைக்குச் சூடு வேண்டாமுங்க. அக்கா மொதல் நாளே சொன்னாங்க, எனக்குத்தான் வெளங்கல. எஞ்சின் நின்னதும் அதுனாலதானுங்க. என்ற கணக்கே தப்பு. அன்னைக்கு நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கோணும். மூணு நாளாவே தெரியுமுங்க, நேத்து வந்தும் சொல்லாமப் போனனுங்க."

சின்னுசாமி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த உடைத்த முட்டையைத் தட்டில் வைத்தார். பிறகு பாவாயி அக்காவிடம் போனார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லாத மனுஷன். "அந்த மூட்டையைப் பிரிச்சுப் பாத்திரத்தை எடுத்து அடுக்கு, போ" என்றார்.

"பிரிக்கறனுங்கண்ணா. மொதல்ல குஞ்செடுக்கோணும், ஆள் பத்தாது" என்றார் அக்கா. என் பக்கம் ஒரு கூடையை நீட்டினார். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் நான் குஞ்சு எடுத்துக் கூடையில் போட்டேன். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஆர்டர் போனது. செத்த குஞ்சுகளுக்கு நம் ஆபீஸ் ஈடு கட்டியது, அதற்காக நான் மேலிடத்தில் வாங்கிய பாட்டை இங்கே எழுத முடியாது. மழைக்காலம் முடிந்து சின்னுசாமியே மறுபடி கூப்பிட்டார். ஒரு நிபந்தனை. கணக்கு பாவாயியை வைத்துத்தான் எடுக்க வேண்டும், அவர் சரி என்றால்தான் ரிப்போர்ட்டைத் தொடுவேன் என்றார்.

இரண்டு நாள் அக்காவோடு உட்கார்ந்தேன். இந்த முறை அவர் சொல்லச் சொல்ல, நாள் வாரியாக எழுதினேன். முதல் பாதி நாட்களுக்குச் சூடு வேண்டும், ஆனால் அதில் பெரும்பகுதியை அடுத்த மெஷினின் பெரிய முட்டையிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம். தட்டு கழுவச் சுடுதண்ணீர் தினமும் வேண்டும், அதை நான் முதல் தடவை கேட்கவே இல்லை. புதுக் குஞ்சு ஷெட்டுக்கு மார்கழியில் சூடு வேண்டும், சித்திரையில் வேண்டாம். கூட்டிப் பார்த்தால் என் பழைய எஞ்சினில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது, ரேடியேட்டரோடு சேர்த்து. பணம் திரும்பும் காலம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இல்லை, ஆனால் உண்மையாக இருந்தது. அந்தச் சின்ன எஞ்சின் இன்றைக்கும் அங்கே ஓடுகிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம், ஆம்லெட் உண்டு.

ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்னால் அக்காவிடம்தான் முதலில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தார். பெரிய முட்டை என்று எழுதி, அதற்கு நேரே சூட்டுத் தேவை என்ற கட்டத்தில் நான் ஒரு பூஜ்யம் போட்டிருந்தேன். பேனா வழுக்கியோ என்னவோ, அது மற்ற எண்களைவிடப் பருத்து, ஒரு பக்கம் நீண்டு விழுந்திருந்தது. அக்காவின் விரல் அங்கே நின்றது.

"ஏனுங் மேடம், கணக்கெழுதற எடத்துல முட்டையை வரைஞ்சு வெச்சிருக்கீங்க?"

"அது மார்க்குங்க அக்கா."

"ஆருக்குங்க?"

"எனக்குத்தானுங்க."

அக்கா கண்ணாடியை இறக்கி என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

"பெரிய முட்டையாத்தான் போட்டிருக்கீங்க" என்றார்.